ராஜாவின் மகன் பெயர் தம்பி

போன வாரம் மதுரையிலிருந்து வந்த சொந்தக்காரர்களைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனேன். முகப்பு மண்டபமான பூமுகத்தில் நிற்கும்போது பத்தாம் வகுப்புப் பையன் கேட்டான்: "மாமா, இளையராஜான்னா ராஜாவோட மகன்தானே?"

"இல்ல மக்களே, தங்கச்சி மகன்."

அவன் முழித்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. இந்த அரண்மனையைக் கட்டி ஆண்ட திருவிதாங்கூர் ராஜவம்சத்தில் பட்டத்துக்கு வந்தவர் ராஜாவின் தாய்வழியில் அடுத்த ஆண்; கூடப்பிறந்த தம்பி, இல்லையென்றால் சகோதரியின் மகன். 'இளைய' என்பது அந்த வரிசையில் அடுத்தவர் என்று சொல்வது. ராணி என்றாலும் ராஜாவின் மனைவி இல்லை. அவருடைய அக்காவோ தங்கையோ அவர்கள் மகளோதான். மனைவிக்கு அம்மச்சி என்று பெயர். ராஜா பெற்ற மகனுக்குப் பட்டம் 'தம்பி'. அப்பா நாட்டை ஆளலாம், மகனுக்கு அதில் உரிமை கிடையாது என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடும்.

வாரிசு இல்லாமல் போனபோது 1900-இல் தத்தெடுத்தது இரண்டு பெண் குழந்தைகளை. ஆண் குழந்தையைத் தத்தெடுத்தால் அவனோடு வம்சம் நின்றுவிடும். அந்தப் பெண்களில் ஒருவரான சேது பார்வதிபாயின் மகன்தான் கடைசி மகாராஜா சித்திரைத் திருநாள்.

1729-இல் ராமவர்மா ராஜாவுக்குப் பிறகு மருமகன், அதாவது சகோதரி மகன், மார்த்தாண்டவர்மா ஆட்சிக்கு வந்தார். ராமவர்மா பெற்ற பிள்ளைகள் பப்புத்தம்பியும் ராமன்தம்பியும் எதிர்த்து நின்று உயிரை விட்டார்கள். அவர்களை வெறும் துரோகிகள் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பெற்ற அப்பாவின் வீட்டில் அந்நியனாக வளர்வது என்னவென்று நாஞ்சில்நாட்டுக்காரனுக்குத் தெரியாதா? நம் வீடுகளிலும் அதே மருமக்கள்வழிதானே இருந்தது. தாத்தா உழுது சம்பாதித்த வயல் சகோதரி மகனான மருமகனுக்குப் போகும். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஏதோ கொஞ்சம். 1926-இல் சட்டம் வந்த பிறகுதான் அது மாறியது.

தாய்வழி என்றதும் பெண்ணாட்சி என்று பெருமை பேசுகிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. வழி பெண்ணுடையது, கை ஆணுடையது. என் பூட்டி, புருஷன் செத்த பதினாறாம் நாள் ஒரு செம்புக்குடமும் மூன்று பிள்ளைகளுமாக வீட்டை விட்டு இறங்கினாள். கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் தம்பிமார் சாவைப் பாடும்போதெல்லாம் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாளாம். ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன்.