ஓட்டத்தானே கேட்டேன், ஒரு ரோடுகிங்

மூன்று மாதமாக அலைகிறேன். பழங்காநத்தம், வில்லாபுரம், திருமங்கலம், உசிலம்பட்டி என்று ஒரு இடம் பாக்கியில்லை. செக்கானூரணியிலிருந்து மதுரைக்குத் தினமும் வேலைக்குப் போய்வர எனக்கு ஒரு எஸ்டி ரோடுகிங், அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் பைக், வேண்டும். அவ்வளவுதான். அது இன்றைக்கு இந்தப் பக்கம் நடக்காத காரியமாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புரோக்கர் ஷெட்டுக்குப் போனேன். தூரத்திலிருந்து பார்க்க வண்டி தகதகவென்று இருந்தது. சைலன்சர் இரண்டும் புதுக் குரோம். பாக்கெட்டில் கொண்டுபோன காந்தத்தை டேங்க்கின் மேலே வைத்தேன், ஒட்டியது. முட்டி உரசும் இடத்துக்கு இறக்கினேன், பொத்தென்று தரையில் விழுந்தது. அவ்வளவு கனத்துக்குப் பட்டி பூசி மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சரி, ஸ்டார்ட் செய்து பார்ப்போம் என்று கியர் லீவரை உள்ளே அழுத்தி மேலே திருப்பினேன் (இந்த வண்டியில் கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான்). மிதிக்க மிதிக்கப் பல் வழுக்குகிறது.

"ஆர்.சி. யார் பேர்ல இருக்கு?"

"ஓனர் தவறிட்டாருண்ணே. வாரிசு வெளியூர்ல இருக்காங்க. அதெல்லாம் பாத்துக்கலாம்ணே."

விலை? 1,40,000 ரூபாய். "எஸ்டி இப்ப தங்கம்ணே, ஒரு ரீல்ஸ் போட்டா கோயம்புத்தூர்லருந்து வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க" என்கிறான்.

தங்கமாம்! எங்கள் அப்பா இந்த வண்டியில்தான் பூ மூட்டையைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் மதுரை மார்க்கெட்டுக்கு வருவார். ஒருநாள் பாதி வழியில் கிளச் கேபிள் அறுந்துவிட்டது. கியர் லீவரை அழுத்தினாலே கிளச் தானாக விடும் அமைப்பு அதில் உண்டு. கேபிள் இல்லாமலேயே மார்க்கெட்டுக்கு வந்து, பூவை இறக்கி, வீடும் திரும்பினார். வேலைக்காகச் செய்த வண்டி அது. அதைக் கொண்டுபோய் ஹாலில் நிறுத்தி போட்டோ எடுக்கிறார்கள் என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த வண்டியைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை மூடப்பட்டது 1996-ல். அதற்குப் பிறகு ஒரு ரோடுகிங்கூட வரவில்லை. இருப்பது குறையுமே தவிரப் பெருகாது. அப்படி மிஞ்சியதையும் மூன்று வண்டியைப் பிரித்து ஒரு ஷோ வண்டி செய்கிறேன் என்று அழிக்கிறார்கள். என் மெக்கானிக் சொல்கிறார்: "பிஸ்டன் கேளு, ரிங் கேளு, எங்கயாச்சும் தேடித் தர்றேன் தம்பி. நல்ல கியர் பல்லு மட்டும் கேக்காத."

"புதுசு எடுத்துக்க வேண்டியதுதானே?" என்று ஆளாளுக்குப் புத்தி சொல்கிறார்கள். 2022 ஜனவரியில் எஸ்டி என்ற பேர் திரும்ப வந்தது. 334 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், லிக்விட் கூலிங், 6 கியர். நல்ல வண்டியாகவே இருக்கட்டும், ஆனால் பேரைத் தவிர பழையதோடு அதற்கு என்ன உறவு? பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி இருக்கும் காலத்தில் அந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினை அப்படியே கேட்க முடியாது, அது எனக்கும் தெரியும். கிக்கரையுமா எடுக்க வேண்டும்? ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, ஹண்டர் 350, ஹோண்டா சிபி350, ட்ரையம்ஃப் ஸ்பீடு 400, எதிலும் கிக்கர் கிடையாது. பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பெரும்பாடு, இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்புக்கே கரண்ட் வேண்டுமே. ரோடுகிங் சுமார் 140 கிலோ. ஹண்டரே 180 கிலோவைத் தாண்டுகிறது, கிளாசிக் 195 கிலோ. ராத்திரி பத்து மணிக்கு நாகமலைப் புதுக்கோட்டை பக்கம் தனி ஆளாகத் தள்ளிப் பாருங்கள், தெரியும். ஒரு ஷோரூமில் இதைக் கேட்டேன். அந்தப் பையன் யூஎஸ்பி போர்ட்டைக் காட்டுகிறான். இதற்கு ஆன்ரோடு 2 லட்சத்துக்கு மேல் நான் கொடுக்க வேண்டுமாம்.

எல்லாவற்றையும்விட என்னால் பொறுக்க முடியாதது எழுமலைப் பக்கம் நடந்தது. ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையோரம் தார்ப்பாய் போட்டு மூடிய ரோடுகிங். சொந்தப் பேரில் ஆர்.சி., இரண்டாவது மிதியில் ஸ்டார்ட் ஆனது. "நீ ஓட்டுவியா தம்பி, இல்ல வித்துருவியா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஓட்டத்தான் ஐயா என்றேன். 45,000 என்று பேசி முடித்தோம். திங்கட்கிழமை பணத்தோடு போனால் வண்டி இல்லை. அவர் ஊரில் இல்லாத நேரத்தில் மகன் ஒரு புரோக்கருக்கு 60,000-க்குத் தள்ளிவிட்டான். பெரியவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. 'ரோடுகிங் ஒரிஜினல் டேங்க், தனியாக 18,000.' டேங்க்கின் மேல் பெரியவர் ஒட்டியிருந்த கள்ளழகர் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.