பெருங்காய டப்பாவையும் திருப்பிப் பாருங்கள்

"அரிசி சாப்பிடும் நமக்கு குளூட்டன் ஒரு பிரச்சினையே இல்லை" என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. என் மகளுக்கு சீலியாக் நோய்; கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் கொஞ்சம் உள்ளே போனாலும் குடலைப் பாதிக்கும். சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா எல்லாம் நிறுத்தியும் வயிற்று உப்புசம் விடவில்லை.

கோவையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்திலேயே ஒரு சிறுதானியக் கடை. ஏதோ கருப்பட்டிக் கடை என்று நினைத்து மூன்று வருடமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். போன மாதம் உள்ளே போய் விஷயத்தைச் சொன்னதும் கடைக்கார அக்கா கேட்ட முதல் கேள்வி: "சாம்பாருக்கு என்ன பெருங்காயம் போடுறீங்க?" வீட்டுக்கு வந்து டப்பாவைத் திருப்பினால், பொடி எழுத்தில் கோதுமை மாவு! கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் அதைச் சேர்க்கிறார்களாம்.

அப்புறம் மாவு மில். கோதுமை அரைத்த மிஷினிலேயே நம் கேழ்வரகையும் கொட்டினால் என்ன ஆகும்? குளூட்டன் இல்லாதது என்று லேபிள் ஒட்ட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. அந்தக் கடையில் தனி மிஷின், கோதுமையை வாசலுக்குள்ளேயே விடுவதில்லை. விலை கூடத்தான். கம்பு தோசையை மகள் தொடவில்லை; கேழ்வரகு இடியாப்பம் மட்டும் தட்டில் மிஞ்சுவதில்லை.