கப்பல் கட்டையுமில்லை, கத்துக்குட்டி வேலையுமில்லை

இங்கிலாந்தில் லாவெனம் என்றொரு ஊர், அங்கே ஓக் மரச்சட்டத்தில் கட்டிய பழைய வீடுகள் கோணலாகச் சாய்ந்து நிற்கும். அதைக் கேலி செய்யும் ரீல்ஸை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். "பாருங்க மக்களே, வெள்ளைக்காரனுக்கு நேரா ஒரு வீடு கட்டத் தெரியல!" சரி, சிரியுங்கள். கூடவே "உடைஞ்ச கப்பல் கட்டையில கட்டினது" என்று அந்த ரீல்ஸ்காரர் சரித்திரப் பாடமும் எடுக்கிறாரே, அதுதான் தாங்கவில்லை.

ஓக் மரம் காய்ந்து இறுகிவிட்டால் உளி லேசில் இறங்காது. அதனால் பச்சையாகவே அறுத்துச் செதுக்கிப் பூட்டினார்கள். வீடு எழுந்து நின்ற பிறகுதான் மரம் காய்ந்து, சுருங்கி, முறுக்கிக்கொண்டது. 500 வருஷமாக நிற்கிறது. கட்டினவன் தப்பு இல்லை.

பட்டறைத் தரையிலேயே சட்டங்களைக் கோத்துப் பார்த்துவிடுவார்கள். எந்தக் கழுந்து (துளையில் செருகும் முனை) எந்தத் துளைக்கு என்று ரோமன் எண் போல உளியால் கீறி வைப்பார்கள். பிறகு கழற்றி, வண்டியேற்றி, மனையில் நிறுத்தி, ஓக் முளை அடித்து இறுக்குவார்கள். அந்தக் கீறல்கள் இன்றும் பல உத்தரங்களில் தெரிகின்றன. இதுவா கட்டத் தெரியாதவன் வேலை?

கப்பல் கதைக்கு வருவோம். சில உத்தரங்களில் எதற்கென்றே தெரியாத வெற்றுத் துளைகள் இருக்கும். வேறு கட்டடத்தைப் பிரித்து எடுத்த மரமாக இருக்கும், இல்லை இடையில் எடுத்துவிட்ட சுவரின் தடமாக இருக்கும். உடனே கப்பலாம். லாவெனம் கடலோர ஊர்கூட இல்லை ஐயா! "லண்டன் லிபர்ட்டி கடை?" என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஆமாம், போர்க்கப்பல் மரம்தான். ஆனால் அது 1924இல், டியூடர் பாணியில், அதாவது இந்தப் பழைய வீடுகளின் பாணியில் கட்டிய நகல்.

இந்தக் கேலி சும்மா போவதில்லை. இங்கே இங்கிலாந்தில் நான் வாடகைக்கு இருந்த வீடும் அப்படிப்பட்டதுதான். சட்டங்களுக்கு நடுவே குச்சி பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணியும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு. ஈரம் பட்டாலும் காய்ந்துவிடும். வீட்டுக்காரருக்கு அது "பழசு, கோணல்". நீட்டாக்குகிறேன் என்று வெளியே சிமென்ட் பூசிவிட்டார். விரிசலில் இறங்கிய மழைத் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. அடிச்சட்டத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கினேன், டீயில் ஊறின ரொட்டி மாதிரி உள்ளே போனது. 500 வருஷம் கெடாத மரம்! தப்பு கட்டினவன் மேலா?

லாவெனம் தப்பித்ததே அங்கே பணம் தீர்ந்ததால்தான். கம்பளித் துணி வியாபாரம் படுத்துவிட்டது. காசிருந்த ஊர்களில் இடித்துக் கட்டினார்கள், இல்லையென்றால் செங்கல் முகப்பு வைத்து மறைத்தார்கள். இவர்களுக்கு அதற்கு வழியில்லை.

"நம்மைச் சுரண்டினவன் வீட்டுக்கு வக்காலத்தா?" என்று ஒரு கமெண்ட். அந்த ஊரின் கில்ட்ஹால், அதாவது சங்க மண்டபம், எழுந்தது 1530 வாக்கில். கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதே 1600இல். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உளி பிடித்தவன் பிரபுவும் இல்லை, கூலிக்கு வேலை செய்த தச்சன். அவனுக்காகத்தான் பேசுகிறேன். அதற்கு "லண்டன் போனதும் ஆளே மாறிட்டான்" என்று இன்பாக்ஸில் திட்டுகிறீர்கள், அதுவும் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நான் இருப்பது லண்டனே இல்லை. லாவெனம் இருக்கும் சஃபோக் மாவட்டம். அதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.