கால் பளபளத்தால் புது ஐசி ஆகிவிடாது

ஐசி (IC) என்ற மின்னணு சிப்பின் உலோகக் கால்கள் பளபளவென்று, மேல்பரப்பில் எழுத்து தெளிவாக இருந்தால் அது புது ஐசிதான், பழைய சர்க்யூட் போர்டில் கழற்றியது இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் பகிர்வதால் சொல்கிறேன், இந்த இரண்டை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

கழற்றிய ஐசியின் கால்களை நிமிர்த்தி மறுபடி ஈயத்தில் முக்கினால் நன்றாகவே பளபளக்கும். சொல்லப்போனால், இப்போது வரும் புது ஐசிகள் பலவற்றின் கால் மங்கலான வெள்ளீயப் பூச்சுதான். எழுத்தும் அப்படியே. மேல்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, கறுப்புப் பூச்சு அடித்து, லேசரில் புது எண்ணும் தேதியும் போட்டுவிடுகிறார்கள். சீனாவின் குய்யூவில் பழைய போர்டுகளில் இருந்து கழற்றிய ஐசிகள் இப்படித்தான் ஷென்சென் நகர மின்னணுச் சந்தைக்குப் போயின.

நீங்களே பார்க்கலாம். காது குடையும் பஞ்சில் அசிட்டோன் தொட்டு மேல்பரப்பைத் தேயுங்கள். பஞ்சில் கறுப்பு ஏறினால் பூச்சு அடித்தது. ஏறவில்லை என்பதற்காக நல்லது என்று அர்த்தமில்லை, சில பூச்சுகள் அசிட்டோனுக்கு அசையாது. அப்புறம் லென்ஸ் வைத்து முதல் கால் பக்கம் இருக்கும் சின்னக் குழியைப் பாருங்கள். உப்புத்தாளால் தேய்த்த ஐசி என்றால் அது ஆழம் குறைந்திருக்கும், அல்லது பூச்சு தேங்கியிருக்கும். மேல்பக்கமும் அடிப்பக்கமும் வேறு வேறு சொரசொரப்பாக இருந்தாலும் சந்தேகம்தான். நாலு இலக்கத் தேதிக் குறியில் 1432 என்றால் பொதுவாக 2014-இன் 32-ஆம் வாரம். 1467 என்று இருந்தால் அப்படி ஒரு வாரமே கிடையாது.

கழற்றிய ஐசி எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. பழசு என்று சொல்லி விற்றால் நானும் வாங்குகிறேன்.