ஒரு கிலோமீட்டர் வரைபடத்தை நம்பி வடிகால் கட்டலாமா?

2080-ல் எந்த மூலையில் எவ்வளவு மழை பெய்யும் என்று ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு நிறம் தீட்டிக் காட்டும் வரைபடங்கள் இப்போது நிறைய வருகின்றன. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். அந்தப் பளிச்சுதான் எனக்குப் பயம்.

அதற்கெல்லாம் மூலம், உலகக் காலநிலையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாதிரிகள். அவற்றில் பல, பூமியைச் சுமார் 100 கிமீ அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுபவை. ஒரே கட்டத்துக்குள் மலை, அதன் மழைமறைவுப் பக்கம், கடற்கரை எல்லாம் அடங்கிவிடும். மாதிரிக்கு அத்தனைக்கும் ஒரே சராசரி உயரம். கொட்டித் தீர்க்கும் இடிமழை மேகமோ சில கிலோமீட்டர் அகலம்தான். அது கட்டத்தில் சிக்காது, தோராயச் சூத்திரம் வைத்துச் சமாளிக்கிறார்கள்.

இதை நுணுக்கமாக்க இரண்டு வழி. ஒரு வட்டாரத்துக்கு மட்டும் தனி மாதிரி ஓட்டலாம். கார்டெக்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வுத் திட்டத்தில் ஐரோப்பாவுக்கு 12 கிமீ அளவுக்கு இறங்கியிருக்கிறார்கள். அல்லது பழைய மழைப் பதிவுகளை வைத்துப் புள்ளியியல் முறையில் திருத்தலாம். இது மலிவு. ஆனால் நேற்றைய உறவு நாளையும் செல்லும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. எந்த வழியானாலும், மூல மாதிரி காற்றின் போக்கைத் தப்பாகப் பிடித்திருந்தால் நமக்குக் கிடைப்பது நுணுக்கமான தப்பு.

இங்கேயாவது இயற்பியல் கொஞ்சம் கைகொடுக்கும். சமூகப் பக்கம்தான் கூத்து. ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளில் எஸ்எஸ்பி பாதைகள் என்று ஐந்து வரும். உலகச் சமூகமும் பொருளாதாரமும் எப்படியெல்லாம் போகலாம் என்ற கதைகள் அவை. முதல் பாதையில் 2100-ல் உலக மக்கள்தொகை 700 கோடியை ஒட்டி நிற்கும். நாடுகள் முறைத்துக்கொண்டு தனித்தனியே போகும் மூன்றாவதில் 1200 கோடியைத் தாண்டும். இந்தக் கணக்குகள் நாட்டளவில் போட்டவை. கட்டம் கட்டமாகப் பங்கு வைத்தால் தலைகளின் எண்ணிக்கை கிடைக்கும். ஆற்றுப் படுகையில் வீடு கட்ட யார் அனுமதி கொடுப்பார், வடிகாலை யார் தூர்வாருவார் என்பது எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

ஜகார்த்தாவைப் பாருங்கள். நகரின் சில பகுதிகள் கடல் ஏறுவதைவிட வேகமாகத் தாழ்கின்றன. நிலத்தடி நீரை உறிஞ்சியது அதற்கு முக்கியக் காரணம். அந்த உறிஞ்சலைக் குறைக்க எல்லா வீட்டுக்கும் குழாய்த் தண்ணீர் போகுமா என்ற கேள்விக்கு ஐந்து பாதைகளிலும் நேரடிப் பதில் கிடையாது. உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து எழுத வேண்டிய கதை அது. மேலிருந்து வகுத்துக் கொடுத்தால் வராது.

நெதர்லாந்தின் வானிலை நிறுவனம் 2023-ல் செய்தது எனக்குப் பிடித்தது. பசுங்குடில் வாயு உமிழ்வு அதிகம் அல்லது குறைவு, ஒவ்வொன்றிலும் வறண்ட போக்கு அல்லது ஈரமான போக்கு, ஆக நான்கே சாத்தியங்கள். எது நடக்கும் என்று அடித்துச் சொல்லவில்லை. திட்டம் போடுபவர் நான்கிலும் தன் அணைக்கரை தாங்குமா என்று பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஆட்களும் கேள்வியைத் திருப்பிப் போடலாமே. "என்ன மழை பெய்யும்" என்பதை விட்டுவிட்டு, "ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பெய்தால் இந்த வடிகால் வழியும்" என்று முதலில் அளந்து வையுங்கள். அந்த அளவு எந்தெந்தப் பாதைகளில் எட்டப்படும் என்று தேட நூறு கிலோமீட்டர் கட்டமும் அதன் குறைகளோடு உதவும்.