சிறுகோள் செய்தியில் தூரத்தை விடுங்கள், பெயரைப் பாருங்கள்

'விமானம் அளவுள்ள சிறுகோள் பூமியை உரசிச் செல்கிறது!' என்று வாராவாரம் ஒரு தலைப்பு வருகிறது. உள்ளே போனால் தூரம் 40 லட்சம் கிலோமீட்டர் என்றிருக்கும். நிலவே 3,84,400 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. அதைவிடப் பத்து மடங்கு தள்ளிப் போவதற்குப் பெயர் உரசலாம்!

'ஆபத்தான சிறுகோள்' என்ற முத்திரைக்கும் இப்படித்தான் அலறுகிறார்கள். அதற்கு நிபந்தனைகள் இரண்டே. சிறுகோளின் பாதை பூமியின் பாதையை 75 லட்சம் கிலோமீட்டருக்குள் நெருங்க வேண்டும். அதன் ஒளியைக் குறிக்கும் எச் என்ற எண் 22 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் (எண் குறையக் குறைய ஒளி கூடும்). சூரியனுக்கு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தாலும் முத்திரை அப்படியே இருக்கும்.

அளவும் பெரும்பாலும் இந்த எச் எண்ணிலிருந்து போடும் கணக்குதான். எச் 22 உள்ள கல் ஒளியில் 25 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினால் விட்டம் சுமார் 105 மீட்டர். கரிபோல 5 சதவீதம் மட்டும் அனுப்பினால் சுமார் 240 மீட்டர். எடையில் இது பத்து மடங்குக்கும் மேலான வித்தியாசம். தலைப்பு எழுதுபவர் எந்த எண்ணை எடுப்பார் என்று சொல்லவா வேண்டும்?

நான் முதலில் பார்ப்பது பெயரை. 2024 ஒய்ஆர்4 என்றால் 2024-இல் கண்டுபிடித்தது. ஒய் என்ற எழுத்து டிசம்பரின் பின்பாதி. ஜனவரி முன்பாதிக்கு ஏ, பின்பாதிக்கு பி என்று போகும் வரிசை அது, ஐ மட்டும் கிடையாது. கடந்துபோகும் தேதியை ஒட்டியே கண்டுபிடித்திருந்தால் அது கடைசி நேரத்தில் அகப்பட்ட கல், அங்கேதான் விஷயம் இருக்கிறது. அடுத்து பூமிக்கு அருகே வரும் கற்களின் பாதையைக் கணிக்கும் நாசாவின் சிஎன்இஓஎஸ் (CNEOS) மையத்தின் தளத்தில் நெருங்கும் சிறுகோள்களின் அட்டவணை. அதில் உள்ள தூரம் பூமியின் மையத்திலிருந்து, ஆகவே தரையிலிருந்து வேண்டுமென்றால் 6,400 கிலோமீட்டரைக் கழிக்க வேண்டும். கணித்த தூரமும், கணிப்பில் பிழை இருந்தால் வரக்கூடிய குறைந்தபட்ச தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பாதை நன்றாகத் தெரிந்த கல். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் இன்னும் போதிய அவதானிப்பு இல்லை. அதே தளத்தின் சென்ட்ரி பட்டியலையும் பார்த்துவிடுங்கள்; மோத வாய்ப்புள்ளவை அங்கே இருக்கும்.

அந்த வாய்ப்பு சதவீதம் ஏறினாலும் பதற்றம் வேண்டாம். 2024 ஒய்ஆர்4, 2032 டிசம்பர் 22-இல் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரி 18-இல் 3.1 சதவீதம் வரை போய், அடுத்த சில நாட்களில் ஏறக்குறைய பூஜ்யமானது. அன்று அந்தக் கல் இருக்கக்கூடிய இடங்கள் ஒரு நீண்ட பட்டை. புதிய அவதானிப்புகள் வர வர பட்டை சுருங்கும், பூமியின் அகலம் சுருங்காது. பூமி பட்டைக்குள் இருக்கும்வரை சதவீதம் ஏறத்தான் செய்யும். பட்டையின் விளிம்பு பூமியைத் தாண்டி உள்ளே நகர்ந்ததும் சட்டென்று விழும். அபோபிஸ் என்ற சிறுகோளின் கதையும் இதுவே. 2004 டிசம்பரில் 2.7 சதவீதம் வரை ஏறியது, அதே ஆண்டு மார்ச்சில் எடுத்த பழைய படங்களில் அது அகப்பட்டதும் அடங்கிப்போனது. 2029 ஏப்ரல் 13-இல் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டரில், வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் சுற்றும் புவிநிலை செயற்கைக்கோள்களுக்கும் கீழே, அது கடக்கும். மோதாது.

கவலைப்பட வேண்டியது பட்டியலிலேயே இல்லாதவற்றை. 2013 பிப்ரவரி 15-இல் எல்லோரும் 2012 டிஏ14-க்காகக் காத்திருந்தார்கள். ஓராண்டு முன்பே தெரிந்த கல், 27,700 கிலோமீட்டரில் ஒழுங்காகக் கடந்துபோனது. அதற்குச் சில மணி நேரம் முன்பு, அதனோடு சம்பந்தமே இல்லாத சுமார் 20 மீட்டர் கல் ஒன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே வெடித்தது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் பார்க்கவில்லை. காயமடைந்த சுமார் 1,500 பேரில் பெரும்பாலோர் கண்ணாடி உடைந்து வெட்டுப்பட்டவர்கள். வெளிச்சத்தை வேடிக்கை பார்க்க ஜன்னலுக்குப் போனவர்கள் பலர். அதிர்வலை நகரத்துக்கு வந்துசேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. வானம் திடீரென்று பளீரென்றால் ஜன்னலைவிட்டு விலகிவிடுங்கள். 2020 நவம்பர் 13-இல் 2020 விடி4 என்ற சிறு கல் தரையிலிருந்து வெறும் 370 கிலோமீட்டர் உயரத்தில் கடந்தது. கண்டுபிடித்தது அது போன பிறகு!

சிறுகோளைத் திசைதிருப்ப முடியுமா என்று பார்க்க நாசா அனுப்பிய டார்ட் விண்கலம் 2022-இல், டிடிமாஸ் என்ற சிறுகோளைச் சுற்றிவரும் டைமார்ஃபாஸ் என்ற கல் மீது மோதி, அதன் சுற்றுக்காலத்தை அரைமணி நேரத்துக்கும் மேல் குறைத்தது. பெரிய சாதனைதான். ஆனால் 140 மீட்டருக்கு மேற்பட்ட பூமியருகுச் சிறுகோள்களில் பாதியைக்கூட நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. என்னைக் கேட்டால் அடுத்த பணம் தேடலுக்குத்தான் போக வேண்டும். நாசா தயாரிக்கும் நியோ சர்வேயர் என்ற விண்வெளித் தொலைநோக்கி அகச்சிவப்பில் கல்லின் வெப்பத்தைப் பார்க்கும். கருப்புக் கல்லும் தப்பாது, அளவும் துல்லியமாகக் கிடைக்கும். சூரியனிலிருந்து 45 பாகை வரை நெருங்கிப் பார்க்கவும் அதனால் முடியும். அதற்கும் உள்ளே, நேரே சூரியப் பக்கமிருந்து வரும் செல்யாபின்ஸ்க் ரகக் கற்கள் அப்போதும் அதன் கண்ணில் படாது.