பெறாதவளுக்கும் பால் சுரக்கும்

வடபழனி முருகன் கோயிலில், நான் தத்தெடுத்த பாப்பாவுக்குக் காது குத்திய அன்று, அவளுக்கு நானே தாய்ப்பால் கொடுத்ததை வைத்து நடந்த பேச்சு உங்களில் நிறைய பேருக்குத் தெரியும், முழுசாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனால் பெரியம்மா கேட்ட அந்த ஒரு வரி மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. "பெக்காத வயித்துக்குப் பால் எங்கேருந்துடி வரும்?"

வயிற்றிலிருந்து வருவதில்லை பெரியம்மா. பெற்றவளுக்கும் அப்படித்தான். மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்ற ஹார்மோனை விடுகிறது, அதில்தான் பால் ஊறுகிறது, குழந்தை சப்பச் சப்பக் கூடுகிறது. கர்ப்பம் மார்பைத் தயார்ப்படுத்தும், மறுக்கவில்லை. அந்த வேலையை மாத்திரையாலும், மார்பிலிருந்து பால் இழுக்கிற பம்பாலும் ஓரளவுக்குச் செய்ய முடியும். 1998இலேயே உலக சுகாதார நிறுவனம் இதைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

வாடகைத் தாய் மூலம் குழந்தை வருகிறதென்றால் தேதி முன்பே தெரியும், மாதக்கணக்கில் ஹார்மோன் மாத்திரை போட்டு, அப்புறம் நிறுத்திவிட்டுப் பம்ப் பண்ணத் தொடங்கலாம். கனடா டாக்டர் ஜாக் நியூமன் பெயரில் இருக்கிற முறை அதுதான். தத்தெடுக்கிற எங்களுக்குத் தேதி ஏது? தத்தெடுப்பைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பான காராவில் பதிந்துவிட்டுக் காத்திருந்து காத்திருந்து, ஒரு நாள் திடீரென்று போனில் குழந்தையின் போட்டோ வரும். அதனால் எனக்கு இருந்தது பம்பும் அவள் வாயும்தான். மெல்லிய டியூபின் ஒரு முனையை பிளாஸ்டர் போட்டு மார்பில் ஒட்டி, மறுமுனையைப் பவுடர் பால் இருக்கிற பாட்டிலுக்குள் விட வேண்டும். குழந்தை மார்பைச் சப்பும், டியூப் வழியாகப் பால் போகும், அந்தச் சப்பலே சுரப்பைத் தூண்டும். பாதி ராத்திரியில் பிளாஸ்டர் உரிந்து நைட்டியெல்லாம் பால் வழிய, அவளும் அழுவாள், நானும் அழுவேன். அப்படியே போய், ஒரு நாள் பம்ப் பாட்டிலின் அடியில் சொட்டுச் சொட்டாக வெள்ளையாக நின்றது. அது பவுடர் பால் இல்லை. என்னுடையது.

"முழுசா வராதே, அப்புறம் எதுக்கு?" என்பவர்களுக்கு: ஆமாம், பெரும்பாலானவர்களுக்கு முழுசாக வராது, நானும் கடைசிவரை பவுடர் பால் சேர்த்துத்தான் கொடுத்தேன். பெற்ற அம்மாக்களிலும் எத்தனையோ பேர் அப்படிக் கொடுக்கிறார்கள், அவர்களை யாரும் நிற்க வைத்துக் கேட்பதில்லையே? சீம்பால் கிடைக்காது, சரி. பாட்டிலில் மட்டும் கொடுப்பவர்களை நான் குறை சொல்லவே இல்லை, தயவுசெய்து அங்கே இழுக்காதீர்கள். "பெத்தாத்தான் தாய்" என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். முருகன் சன்னதியில் நின்றுகொண்டுதானே இதைச் சொன்னீர்கள்? அவனுக்குப் பால் கொடுத்த கார்த்திகைப் பெண்கள் யாரைப் பெற்றார்கள்?

பெரியம்மாவுக்குத் தெரியவில்லை, விடுங்கள். "தத்துக் குழந்தைதானே, பாட்டில் போதும்" என்று முகத்தைக் கூடப் பார்க்காமல் சொன்ன டாக்டருக்குமா தெரியாது? சட்டம் மட்டும் என்ன? மகப்பேறு விடுப்புச் சட்டத்தின் 2017 திருத்தத்தில், 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்தால்தான் 12 வார விடுப்பு என்று இருந்தது. என் மகள் வந்தபோது அவளுக்கு நாலாம் மாதம். ஆபீஸ் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பம்ப் பண்ணியவளைப் பார்த்து "படம் காட்டுறா" என்று சொல்ல எப்படி மனசு வந்தது? வலித்தது. ரொம்பவே வலித்தது.

யோசித்துக்கொண்டிருக்கிற அம்மாக்கள் இன்பாக்ஸில் வாருங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பால் சுரப்பைக் கூட்டக் கொடுக்கிற டோம்பெரிடோன் மாத்திரையை மட்டும் மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அது சிலருக்கு இதயத் துடிப்பைப் பாதிக்கும், டாக்டர் பார்த்து, தேவைப்பட்டால் இசிஜி எடுத்துத்தான் கொடுக்க வேண்டும்.